இறங்காத மோதிரவிரல்

தீவு நகரமான ஹீலோவில் மழை விட்டிருந்த ஒரு மாலை. பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கென்று தான் கட்டிய பாட்டை மோமி கணவன் கவிகாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவன் பழுதான வண்டிகளை இழுத்துவரும் லாரி ஓட்டுகிறவன். சின்ன வயதிலிருந்தே யுகுலேலே என்ற நாலு தந்தி வாத்தியத்தை வாசித்தாலும், தந்திகளைச் சேர்த்து அழுத்தும் விரல்பிடிகளில் நாலைந்து சுலபமான கார்டுகளைத் தாண்டிப் போனதில்லை. இந்தப் பாட்டில் குழந்தையின் பெயர் வரும் இடத்தில் டி நைன்த் கார்டுதான் வேண்டும் என்று மோமி பிடிவாதமாக நின்றாள்.

"சுட்டுவிரலை ரெண்டாவது மெட்டுக் கம்பிகிட்ட எல்லாத் தந்தி மேலயும் படுக்கப் போடு. நடுவிரல் மூணாவது மெட்டு, கீழ்த் தந்தி. மோதிரவிரல் நாலாவது மெட்டு, மேலேருந்து ரெண்டாவது தந்தி. அவ்வளவுதான்."

மோதிரவிரல் தந்திக்கு மேலேயே நின்றது. கவிகா அதையே பார்த்தான். இறங்கு என்று மனசுக்குள் சொன்னான். விரல் லேசாக நடுங்கியது, இறங்கவில்லை.

மோமியின் தம்பி லோபாகா படியில் உட்கார்ந்து சிரித்தான். "மாமா, லாரிச் சங்கிலி இழுத்து இழுத்து விரலெல்லாம் இரும்பாப் போச்சா?"

"உன் வாயைத்தான் சங்கிலி போட்டு இழுக்கணும்" என்றான் கவிகா.

மறுநாள் தனியாக உட்கார்ந்து முயன்றான். வலது கையால் மோதிரவிரலைப் பிடித்துத் தந்திமேல் வைத்தான். கையை எடுத்ததும் அழுத்தம் போய்த் தந்தி செத்த ஒலி எழுப்பியது. முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஏதோ புழுப்போல நெளிந்தது. வலியே இல்லை. அண்ணன் கமுவேலாவுக்கும் வலி இருந்ததில்லை. முதலில் சட்டைப் பொத்தான் போட வரவில்லை. பிறகு கரண்டி பிடிக்க வரவில்லை. கடைசியில் தண்ணீர்கூட விழுங்க வரவில்லை. அவன் சாகும்வரை ஊட்டிவிட்டது கவிகாதான்.

மோமியிடம் ஒன்றும் சொல்லாமல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான்.

பிறந்தநாள் விருந்தன்று குழியில் புதைத்துச் சுட்ட பன்றியின் வாசனை தெருவரை போனது. பாட்டு தொடங்கியது. குழந்தையின் பெயர் வந்ததும் கவிகா இரண்டே விரலில் முடிகிற டி செவன்த் கார்டை வாசித்தான். யாருக்கும் தெரியவில்லை. லோபாகா மட்டும், "ஏமாத்திட்டியே மாமா" என்று கண்ணடித்தான். மோமி பாடிக்கொண்டே கணவனின் இடது கையைப் பார்த்தாள். அடுத்த வரியை அவள் பாடவில்லை. லோபாகா எடுத்துப் பாடினான்.

எல்லாரும் போன பிறகு அவள் பாத்திரங்களை அப்படியே போட்டுவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?"

"கை அசந்துபோச்சு, அவ்வளவுதான்."

"கமுவேலா அண்ணனும் இதையேதான் சொன்னாரு, கவிகா."

அதற்குமேல் அவன் மறைக்கவில்லை.

மோமி அவனை அழைத்துப்போன மருத்துவர் இளம்பெண். தன் விரல்களை நீட்டி, "இறுக்கிப் பிடிங்க" என்றாள். வலது கையால் பிடித்தான். "நல்லது." இடது கையால் பிடித்தான். அவள் விரல்கள் அந்தப் பிடியிலிருந்து எளிதாக நழுவின. உள்ளங்கையைத் திருப்பிக் கட்டைவிரலடியில் குழிந்திருந்த சதையைத் தொட்டுப் பார்த்தாள். மோமி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மறுபடி வலது கையைக் குடுங்க" என்றாள் மருத்துவர்.

"அதுதான் நல்லா இருக்குன்னீங்களே?" என்றான் கவிகா.

"குடுங்க." இந்த முறை கையை விளக்கடியில் வைத்து, தோலுக்கடியில் மெல்ல நெளிந்ததை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.