லிஃப்ட்காரனின் ஒன்ஸ்மோர்

லிஃப்ட்காரன் கச்சேரியில் "ஒன்ஸ்மோர்" என்று கத்தினால் பாட்டு மட்டும் திரும்பி வராது, பாட்டு நடந்த நேரமும் சேர்ந்து திரும்பி வந்துவிடும். எங்கள் ஊரில் இது குழாயில் தண்ணீர் வருகிற மாதிரி சாதாரண விஷயம். சொல்லப்போனால் தண்ணீரைவிட ஒழுங்காகவே வரும். மண்டபத்துக்குள் இருக்கிற அத்தனை பேரும் பாட்டின் முதல் வரிக்கு இழுத்துக்கொண்டு போகப்படுவார்கள். கீழே விழுந்த குடை எழுந்து நின்று மறுபடி விழும். இருமியவர் அதே இடத்தில் இருமுவார். பாடியவர் பாடியதையே பாடுவார். கை, கால், வாய் எல்லாம் முன்பு செய்ததையேதான் செய்யும், மனசு மட்டும் முழித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும். வெளியே உலகம் காத்திருக்காது. அதனால் கச்சேரிக்குப் போனவர்கள் போகாதவர்களைவிட ஒரு பாட்டு இளமையாகவும், வீட்டுக்கு ஒரு பாட்டு தாமதமாகவும் வந்து சேர்வார்கள். "இவ்வளவு நேரம் எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்று கேட்கிற மனைவிமாருக்கு "ஒன்ஸ்மோர்" என்ற ஒரே சொல்தான் பதில். கச்சேரியே இல்லாத நாளில் அதைச் சொல்லி மாட்டிக்கொண்டவர்களும் உண்டு, அவர்கள் பாடு அவர்களுக்கு.

நேரில் நடக்கும் கச்சேரிக்கு மட்டும்தான் இது பலிக்கும். ரேடியோவைப் பார்த்தும் ஒருமுறை கத்திப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரர்தான் திரும்பி வந்தார், சண்டைக்கு.

அவன் போன முதல் கச்சேரிக்கு அவனைக் கூட்டிப்போனது அக்கா. தம்பிக்குப் பாட்டுப் பிடிக்கும் என்று வீட்டில் சொல்லியிருந்தாள். பச்சைப் பொய். ட்ரம்பெட் வாசிக்கிறவரைப் பார்ப்பதற்குத் துணைக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நகராட்சி மண்டபத்தில் மடக்கு நாற்காலிகளின் நான்காம் வரிசை. ட்ரம்பெட்காரர் ஒரு பாட்டின் நடுவில் வாத்தியத்தை இறக்கி, மூச்சு வாங்கிக்கொண்டே, ஒரு நொடி அக்காவைப் பார்த்தார். பாட்டு முடிந்ததும் பெரியவர்கள் எல்லோரும் ஒன்ஸ்மோர் ஒன்ஸ்மோர் என்று கூச்சல் போட, அர்த்தம் தெரியாமல் பயலும் சேர்ந்து கத்தினான். நேரம் திரும்பியது. ட்ரம்பெட்காரர் மறுபடி மூச்சு வாங்கினார், மறுபடி பார்த்தார். அக்காவுக்குத் தலை சுற்றியது, ஆனால் சுற்றிய தலைக்குள் ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. பாட்டு முடிந்ததும் தம்பியின் தொடையைக் கிள்ளி, "டேய், இன்னொரு தடவை கத்துடா, என் செல்லம்ல" என்றாள். எத்தனை தடவை கத்தினான் என்பதில் குடும்பத்துக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரே பெண்ணை அத்தனை தடவை பார்த்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்க ட்ரம்பெட்காரர் என்ன கல்லா? அவர் மாமா ஆனார். பிறகு மாமா சொந்தமாக ஒரு இசைக்குழு ஆரம்பித்தார், மச்சானுக்கு எப்போதும் முன் வரிசையில் இடம் போட்டார்.

பயல் வளர்ந்து லிஃப்ட் மெக்கானிக் ஆனான். அந்த வேலையில் ஒருவன் மொட்டைமாடி மெஷின் அறையில் இருப்பான், இன்னொருவன் கீழே குழிக்குள் இருப்பான், நடுவில் ஏழெட்டு மாடி இருக்கும். "ஏத்து!", "நிறுத்து!", "இறக்கு!" என்று குழியிலிருந்து கத்திக் கத்தியே இவன் தொண்டை தகரமாகிவிட்டது. நல்ல பாடகர்கள் கச்சேரிக்கு வரச்சொல்லி இவனுக்கு ஆள் அனுப்பினார்கள். சுமாரானவர்கள் அன்றைக்குப் பார்த்து இவனுக்கு வெளியூரில் வேலை இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டார்கள். நாற்பதைத் தாண்டிய பெண்கள் எந்தக் கச்சேரி என்றுகூடக் கேட்காமல் வந்து உட்கார்ந்தார்கள், ஒரு பாட்டு இளமை என்றால் சும்மாவா?

இனி அந்த மோசமான கச்சேரி. மாமாவின் குழுவில் அன்று புதிதாக ஒரு பெண் பாடினாள். பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை; பகலெல்லாம் இளஞ்சிவப்பு மெழுகை உருக்கி ஈறு வடிப்பவள், அன்று கைகளில் மெழுகு வாசனையோடு மேடை ஏறினாள். பாட்டு மெல்ல மெல்ல மேலே போய், உச்சியில் ஒரு இடத்தில் நின்றுவிட்டு இறங்க வேண்டும். உச்சிக்குப் போகுமுன் அவள் குரல் பிசிறிக் கீச்சென்றது. குழந்தைகள் சிரித்தார்கள். லிஃப்ட்காரனின் கூட்டாளி, அதாவது மெஷின் அறைக்காரன், "போச்சுடா, மூணுக்கும் நாலுக்கும் நடுவுல நின்னுடுச்சு" என்றான். வரிசையே குலுங்கியது. எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு: பாட்டு நன்றாக இருந்தாலும் ஒன்ஸ்மோர் என்போம், கேவலமாக இருந்தாலும் ஒன்ஸ்மோர் என்போம். குரலில் இருக்கிற இழுவையை வைத்து, இது பாராட்டா நக்கலா என்று மனுஷனுக்குப் புரியும். கூட்டாளிகளோடு சேர்ந்த குஷியில், தான் யார் என்பதையே மறந்து, லிஃப்ட்காரன் வாயைக் கோணி "ஒன்ஸ்மோ...ர்" என்று இழுத்தான். காலத்துக்கு நக்கல் புரியாது. அது திரும்பி வந்துவிட்டது.

அவள் மறுபடி பாடினாள். உச்சி நெருங்க நெருங்க, கீச்சிடப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியும், மண்டபத்துக்கும் தெரியும், வாய் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காது. கீச்சிட்டது. இந்தத் தடவை குழந்தைகளின் வாய் சிரித்ததே தவிர மனசு யாருக்கும் சிரிக்கவில்லை. லிஃப்ட்காரனுக்குச் சீ என்று ஆகிவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். பாவம், இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் சரியாகப் பாடிவிடுவாளே என்று பதற்றத்தில் தோன்ற, உதவி செய்கிறேன் பேர்வழி என்று, இந்தத் தடவை முழு மனதோடு கத்தினான். மூன்றாவது தடவையும் கீச்சிட்டது. வேறு எப்படி இருக்கும்?

அவள் மைக்கை வைத்துவிட்டுப் படியிறங்கி நேராக முன் வரிசைக்கு வந்தாள். "யாரு அது?" என்றாள். எல்லா விரல்களும் ஒரே பக்கம் நீண்டன, கூட்டாளியின் விரல் முதலில்.

"நான் தப்பு பண்ணது ஒரு தடவை. மிச்ச ரெண்டும் நீங்க பண்ணது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் பாடவே இல்லை. மாமா ஆள் மேல் ஆள் அனுப்பிப் பார்த்தார், மச்சானோடு பேச்சையும் கொஞ்ச நாள் நிறுத்திப் பார்த்தார், ஒன்றும் நடக்கவில்லை.

பல்செட் கூடம் ஒரு பழைய கட்டிடத்தின் நான்காவது மாடியில் இருந்தது. அந்தக் கட்டிடத்து லிஃப்ட் அந்த வருஷம் மட்டும் ஏன் அவ்வளவு பழுதானது என்று யாரும் கேட்கவில்லை. அவள் படியேறுவாள். இவன் கையில் ஸ்பானரோடு கூடவே ஏறி, மாடிக்கு ஒரு மன்னிப்புக் கேட்பான். அவள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். ஒருநாள் மதியம், சரிசெய்கிற பாசாங்கில் லிஃப்ட்டைக் கிளப்பியவன், நிஜமாகவே மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மாட்டிக்கொண்டான். கூட்டாளி டீ குடிக்கப் போயிருந்தான். "யாராவது இருக்கீங்களா?" என்று இவன் கத்தினான். மேலே கதவு இடுக்கில் மெழுகு வாசனை வந்தது.

"ஒன்ஸ்மோர்" என்றாள் அவள்.

"அம்மா தாயே, தெரியாம பண்ணிட்டேங்க."

"கேக்கல. ஒன்ஸ்மோர்."

கூட்டாளி இரண்டாவது டீயும் குடித்துவிட்டு வரும்வரை அவள் அங்கேயே படியில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டே இருந்தாள். நடுவில் எப்போதோ சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் இவன் ஆள் காலி. அடுத்த வருஷம் கல்யாணம் நடந்தது. அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: அவள் இருக்கிற மண்டபத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது. அவன் தலையாட்டினான். பாட மாட்டேன் என்று அவள் சொல்லவில்லை, பாடவும் இல்லை. அவளிடமிருந்து ஒரு பாட்டைப் பிடுங்கிவிட்டோம் என்ற வருத்தம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு பெண் குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போனார்கள், அம்மா பாடி அவர்கள் கேட்டதில்லை. தாலாட்டுகூட அப்பாவின் தகரத் தொண்டையில்தான். அதற்குப் பயந்தே குழந்தைகள் சீக்கிரம் தூங்கிவிடும்.

ஆனால் அடக்கி வைத்தால் நிற்கிற சரக்கா பாட்டு? பல்லுக்கு மெருகேற்றும் மெஷின் ஓடும்போது, உதட்டைத் திறக்காமல் அவள் அந்தப் பாட்டை முனகுவாள், உச்சிக்கு முன்னால் நிறுத்திவிடுவாள். அது பல்லில் இறங்கிவிட்டது. அவள் செய்த பல்செட்டை மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம், தங்களை அறியாமல் அந்தப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். பஸ் நிறுத்தத்தில், வங்கி வரிசையில், சாவு வீட்டில்கூட. உச்சி வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். வர வேண்டிய தும்மல் வராமல் மூக்கிலேயே நின்றால் எப்படி இருக்கும்? அப்படி. ஊரில் பாதிப் பெரியவர்கள் வாயைத் திறந்தபடி, புருவத்தை உயர்த்தியபடி அலைந்தார்கள். மருமகள்கள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஓய்வு பெற்ற மாஜிஸ்திரேட் ஒருவர் தலைமையில், பல்செட் கட்டிய கூட்டம் ஒன்று நான்கு மாடி ஏறி அவளிடம் வந்தது. லிஃப்ட் அன்றைக்கு உண்மையாகவே பழுது.

"நீ அந்தப் பாட்டை ஒழுங்காப் பாடி முடிச்சாத்தாம்மா எங்க வாய்க்கு விடுதலை" என்றார் மாஜிஸ்திரேட்.

"மறுபடி கீச்சிட்டா?"

"இப்ப மட்டும் என்ன வாழுதாம்? பேத்திங்க என்னைப் பார்த்து அழுவுதுங்க."

அவள் அன்று மாலை வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். அவனுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது. இன்னொரு தடவை அவளுக்கு அந்த அவமானம் நேர்ந்தால், இனி அவள் மெஷின் சத்தத்துக்கு அடியில்கூட முனக மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். "நான் வரலை. வெளியவே நின்னுக்கறேன்" என்றான். "வந்து உக்காருங்க. வாயை மட்டும் மூடிக்குங்க" என்றாள்.

அப்படித்தான் எங்கள் ஊர் கண்டதிலேயே நல்ல கச்சேரி ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்தது. முதல் மூன்று வரிசையும் பல்செட்டுகள். லிஃப்ட்காரன் இரண்டு பெண்களையும் இரண்டு பக்கம் வைத்துக்கொண்டு, கைக்குட்டையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்தான். மாமா கையை உயர்த்தினார். அவள் பாடினாள். பாட்டு ஏறியது, முன் வரிசைகளில் புருவங்களும் ஏறின. குரல் உச்சிக்குப் போய், அங்கே அழகாக நின்றது. நிற்க நிற்க, மாஜிஸ்திரேட்டின் தோள்கள் இறங்கின, மூன்று வரிசையும் ஒன்றாக மூச்சு விட்டது. பாட்டு முடிந்ததும் யாரும் மேடையைப் பார்க்கவில்லை. அத்தனை தலையும் லிஃப்ட்காரன் பக்கம் திரும்பியது. அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினான், கண்ணில் தண்ணீர்.

"என்னங்க, அந்தத் துணியை எடுங்க" என்றாள் அவள் மைக்கில். "அன்னைக்கு ரெண்டு தடவை என்னை நோகடிச்சீங்கல்ல? இன்னைக்கு ரெண்டு தடவை மனசாரக் கேளுங்க."

கேட்டான். ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. நேரம் திரும்பியது, உச்சி நின்றது. மறுபடி கேட்டான், மறுபடி நின்றது. மூன்றாவதாக மண்டபமே எழுந்து, "கத்துப்பா, கத்துப்பா" என்று அவனைப் பிடித்து உலுக்கியது.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "போதும். வாய் அதுவா பாடிட்டுப் போகுது, நான் பக்கத்துல நின்னு பார்த்துட்டு இருக்கேன். எனக்கு நானா பாடணும்."

மாமா மறுபடி கையை உயர்த்தினார். யாரும் கேட்காமல், எந்த நேரமும் திரும்பி வராமல், அவள் அதே பாட்டைப் புதிதாக எடுத்தாள். முன்னைவிட நிதானமாக, ஓரிரண்டு இடத்தில் தன் இஷ்டத்துக்கு வளைத்துக்கூடப் பாடினாள். உச்சிக்குப் போனாள். கீச்சென்றது.

கூட்டாளி பின்னாலிருந்து அவசரமாக லிஃப்ட்காரனின் வாயைப் பொத்தப் போனான். அந்தக் கையை அவன் தட்டிவிட்டான். அவன் வாயைத் திறக்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். மேடையில் அவள் ஒரு நொடி கண்ணை விரித்தாள். பிறகு மைக்கிலேயே வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விட்ட இடத்தில் பிடித்து, பாட்டை இறக்கிக் கொண்டுவந்து முடித்தாள். லிஃப்ட்காரன் எழுந்து நின்று கைதட்டினான், கைதட்ட மட்டும் செய்தான். கீச்சிட்டது அந்த ஒரு தடவையோடு போயிற்று. நேரம் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.