ஜெரியின் கப்பலுக்குப் பதினோரு கிலோமீட்டர்

கோபம் வந்தால் நான் மிஷினைத்தான் திட்டுவேன். மனுஷர்களைத் திட்டினால் ராயபுரத்தில் நாலு தெருவுக்குக் கேட்கும்.

அன்று மத்தியானம் கடல் பால் மாதிரி வெளுத்துக் கிடந்தது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால், நங்கூரம் போட்ட கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்றே தெரியவில்லை. மூன்றாவது கப்பலில் என் அண்ணன் ஜெரி வேலை பார்க்கிறான். கரைக்கு வர அனுமதி இல்லை. நாலு மணிக்குக் கப்பல் கிளம்பினால் ஒன்பது மாதம் கழித்துத்தான் வருவான். அவன் மகள் பிறந்து எட்டு நாள். அவள் கண் திறந்திருக்கும்போது ஒரு தரம் பார்க்க வேண்டும் என்றான்.

அங்கே செல்போனில் படம் நிற்காது. அதனால் மாடியில் வைஃபை டிஷ் கட்டினேன்; கேப்டனைக் கெஞ்சி அவனும் ஒன்று கட்டினான். வைஃபை கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருள் எழுதுவதுதான் என் பிழைப்பு. ஒரு தகவலை அனுப்பிவிட்டுப் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கார்டுக்கு ஓர் அளவு உண்டு. பதினோரு கிலோமீட்டருக்கு ஏற்ப அதைக் கூட்டி வைத்திருந்தேன்.

மூன்று மணி. அண்ணி ஐரீன் மடியில் குழந்தை. திரையில் ஜெரி. குழந்தையின் இமை லேசாக அசைந்தது. படம் போச்சு.

கீழே டெரிக் அங்கிள் கடை. சாவு ஊர்வலம் வந்தால் ஷட்டரை இறக்கி விளக்கை அணைப்பது எங்கள் தெரு வழக்கம். அங்கிள் கட்டடத்தின் மெயின் ஸ்விட்சையே அணைத்துவிடுவார்; இப்போதும் அணைத்திருந்தார்.

கரண்ட் வந்தது. டிஷ் எழுந்தது. சிக்னல் முழுசாக இருந்தது, படம் இல்லை. கார்டு மறுபடி எழும்போது இந்த டிரைவர் என் அளவை மறந்துவிடும். எதிரில் இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் என்று நினைத்துக்கொண்டு, பதில் வந்து சேருமுன்னே வரவில்லை என்று முடிவுகட்டும். மாதக்கணக்காக எனக்குத் தெரிந்த குறைதான். கையாலேயே போட்டுக்கொள்ளலாம் என்ற திமிர். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கீழே ஓடினேன்.

"கோச்சுக்காத ஆன்சி. இப்போ போனது மோளம்தான். பாடி பின்னாடி வந்துகினு கீது," என்றார் அங்கிள்.

"இன்னொரு தபா மெயின ஆஃப் பண்ணுவியா?"

"பின்ன? புஷ்பவல்லி அக்கா கடைசியா போவுது. லைட்ட எரியவுட்டுகினு ஒக்காரச் சொல்றியா?"

தெரு முனையில் மீன் விற்ற அக்கா. எனக்கு எத்தனையோ தரம் ஒரு கை நெத்திலி கூடப் போட்டவள். மாடியேறினேன்.

லேப்டாப்பில் பாட்டரி இருந்தது. அளவைக் கையால் போட்டால் மெயின் இறங்கும்போது மறுபடி போய்விடும்; அதனால் டிரைவரில் நாலே வரி சேர்த்தேன்: சொன்ன அளவைக் குறித்துவை, எப்போது எழுந்தாலும் முதலில் அதைக் கார்டுக்குச் சொல். டிஷ்ஷில் ஏற்றி முடிக்கும்போது மூன்று நாற்பது.

அக்கா வந்தாள். மெயின் இறங்கியது. தெரு முழுக்கச் சாமந்தி. கைப்பிடிச் சுவரருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டேன். சங்குச் சத்தம் கடல் பக்கமாகத் தேய்ந்து போனது.

கரண்ட் வந்தது. நான் எதையும் தொடவில்லை. படம் தானாக வந்தது. பாப்பா முழுசாகக் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள்.

"பாத்துட்டேன்," என்றான் ஜெரி. "ஐரீன், பாத்துட்டேன்." அழுதான். நானும்தான் அழுதேன், வெட்கமென்ன.

நாலு மணிக்குக் கப்பல் நகர்ந்தது. படம் கிழியக் கிழிய அளவைக் கூட்டினேன்: பன்னிரண்டு, பதினாலு, பதினெட்டு. பிறகு வெறும் கடல்தான்.

"டிஷ்ஷக் கழட்டிடுவியா?" என்று அண்ணி கேட்டாள்.

"ஒம்போது மாசம் கீதே, அண்ணி."

"இருக்கட்டுமே. கரண்டு போயி வந்தாக்கூட மறக்காது இல்ல?"

"மறக்காது."

அந்த அளவை நான் குறைக்கவில்லை.