உத்தரத்தில் ஏழு பள்ளம்

வீட்டை விலைக்குக் கேட்டிருந்த லியோங் ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்க வருகிறான் என்பதால் புஷ்பலதா புதன்கிழமையே ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஹாலின் நடு உத்தரத்தைத் துடைக்க ஏறினாள். உத்தரத்தின் மேல்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுகிற ஆள் அவள் இல்லை. ஈரத்துணியை ஓட்டியபோது கை ஒரு பள்ளத்தில் இறங்கியது. விரலால் தடவினாள். உளி வைத்த சொரசொரப்பு இல்லை; வழுவழுவென்று இருந்தது. ஸ்டூலை நகர்த்தி ஏறினால் இரண்டு முழம் தள்ளி இன்னொன்று. இறங்கி ஏறி, இறங்கி ஏறி, முழங்கால் கெஞ்சக் கெஞ்ச எண்ணி முடித்தாள். ஏழு பள்ளங்கள், எல்லாம் ஒரே இடைவெளியில்.

இருபத்திரண்டு வருடம் கையுறைத் தொழிற்சாலையில் ஊசிமுனை ஓட்டையைத் தேடித் தேடிப் பழகிய கண் அவளுக்கு. ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அது ஏன் என்று தெரியாமல் சோறு இறங்காது. புருஷன் ஜெயபாலன் இருந்தவரை இந்தக் குணத்தை வைத்து அவளைச் சீண்டாத நாளில்லை. அவர் போய் இரண்டு வருடமாகிறது.

புந்தோங்கில் அந்த வீட்டுக்கே 'துரை பங்களா வீடு' என்றுதான் பெயர். தெலுக் இந்தான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை வெள்ளைக்காரக் கம்பெனி விற்றுவிட்டுப் போனபோது, வாங்கிய தரகர் காட்டைத் துண்டு போட்டார், கட்டடங்களை ஏலம் விட்டார். அங்கே வேலை பார்த்த மாமனார் சன்னாசி, துரையின் பங்களாவையே ஏலத்தில் எடுத்து, பலகை பலகையாகக் கழற்றி லோரியில் ஏற்றி வந்து இங்கே நிறுத்தினாராம். அப்போது ஜெயபாலனுக்கு நாலு வயது. பிற்பாடு அந்தக் கதையைச் சொல்லாமல் ஜெயபாலன் யாருக்கும் தேத்தண்ணி கொடுத்து அனுப்பியதில்லை. பலகைதான் சொந்தம், மண் அரசாங்கத்துடையது; வருடா வருடம் லைசென்ஸ் புதுப்பித்து இருந்தார்கள். இப்போது சாலையை அகலப்படுத்த இடம் வேண்டுமென்று மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

புஷ்பலதாவுக்கு அடுக்குமாடியில் ஒரு வீடு கிடைத்துவிட்டது. தான் எங்கே போவது என்ற கவலை அவளுக்கு இல்லை, வீடு எங்கே போகும் என்பதுதான் கவலை. லியோங் கோப்பேங் ஆற்றோரம் சுற்றுலாக்காரர்கள் தங்க விடுதி கட்டுகிறான். நிஜமாகவே துரை பங்களா என்றால் அப்படியே பெயர்த்துக்கொண்டு போய் முழுசாக நிறுத்துவேன், வாசலில் அதன் வரலாற்றை எழுதி வைப்பேன் என்றான். சாதாரணப் பலகை வீடென்றால் காப்பிக் கடை மேசைக்கு அறுத்துக்கொள்வானாம். ஒளிக்காமல் சொல்லிவிட்டான். முப்பத்தெட்டு வருடம் வாழ்ந்த வீட்டின் மேல் யாரோ எச்சில் கோப்பையை வைத்து எழுவதை அவளால் நினைத்துப் பார்க்கக்கூட முடியவில்லை.

பள்ளங்களைப் பற்றிக் கொழுந்தன் ரூபனிடம் கேட்டாள். துரைக்கு விசிறி மாட்டியிருப்பார்கள் என்றான். ஒரு துரைக்கு ஏழு விசிறியா என்று கேட்டதும் அவனுக்குப் போனில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துத் தெலுக் இந்தான் போனாள். அந்தத் தோட்டத்து ஆட்களில் இன்னும் தெளிவாகப் பேசக்கூடியவர் நவமணிப் பாட்டி ஒருவர்தான். எண்பத்து நாலு வயது. மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, வருவோர் போவோரிடமெல்லாம் குறை கண்டுபிடித்துக்கொண்டிருந்தார். புஷ்பலதா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டின் ஜன்னல் எவ்வளவு உயரத்தில் ஆரம்பிக்கிறது என்று மட்டும் கேட்டார். முட்டி அளவு என்றாள் புஷ்பலதா. நவமணி பல்லில்லாத வாயால் சிரிக்க ஆரம்பித்தார்.

“அது ஆயாக் கொட்டாய்லா புஷ்பா. பாலுவெட்டப் போறவளுங்க விடியக்காலையில புள்ளைங்களக் கொண்டாந்து போட்டுட்டுப் போவாளுங்க. உத்தரத்துல கயிறு போட்டு ஏழு தொட்டிலு. தொட்டிலுக்கு ரெண்டு புள்ளையக் கூடப் போட்டிருக்கோம். ஆட்டி ஆட்டி என் கையி செத்துரும். நடக்குற புள்ளைங்க ஆத்தா வர்றாளான்னு பாக்கத்தான் சன்னலத் தாழ வச்சது.”

பங்களாவுக்குத்தான் சன்னாசியும் ஏலம் கேட்டாராம். அது வேறொரு பெரிய கைக்குப் போய்விட்டது. லோரிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று, சொந்தக்காரர்களிடம் துரை பங்களா என்று சொல்லியும் ஆயிற்று. வெறுங்கையோடு திரும்ப மனுஷனுக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. கேட்க ஆளில்லாமல் கிடந்த ஆயாக் கொட்டகையைக் கழற்றி ஏற்றிக்கொண்டார்.

தன் வீட்டுக்காரரும் அந்தத் தொட்டிலில் கிடந்தவர்தானா என்று புஷ்பலதா கேட்டாள்.

“உன் புருஷனா? ஆட்டுறத நிறுத்துனா போதும், கொட்டாயே இடிஞ்சி விழுற மாதிரி கத்துவான். கடங்காரன்.”

திரும்பும் பஸ்ஸில் புஷ்பலதா அழுதாள். மாமனார் மேல் கோபமாகக்கூட இருந்தது. துரை படுத்த இடம் என்று வாழ்நாளெல்லாம் பீற்றிக்கொண்ட புருஷன், கைக்குழந்தையில் தன் தொட்டில் தொங்கிய உத்தரத்தின் கீழேயே, அது தெரியாமலே இருந்து செத்தும் போனாரே என்று ஆறவில்லை.

சனிக்கிழமை ரூபனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அண்ணி, துரை பங்களான்னே இருக்கட்டும்லா. அண்ணனும் அப்படித்தான சொன்னாரு? நெசத்தச் சொன்னா அறுத்துருவான்.”

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. ஒரு பொய்யில் வீடு பிழைக்கும். ஆனால் வாசலில் துரை பெயரை எழுதிவிட்டால் அந்த ஏழு பள்ளங்களுக்கும் விசிறி என்றுதான் அர்த்தம் சொல்வார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு லியோங் வந்தான். அளவு நாடாவை எடுக்குமுன் அவனை ஸ்டூலில் ஏறச் சொன்னாள். அவன் பள்ளத்தில் விரல் வைத்ததும் தனக்குத் தெரிந்த மலாயில் ஆரம்பித்து, நவமணி சிரித்தது வரை ஒன்று விடாமல் சொன்னாள். துரை இங்கே கால் வைத்திருக்கக்கூட மாட்டார் என்று சேர்த்துக்கொண்டாள். வாசலில் நின்ற ரூபன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

லியோங் கீழே இறங்கினான். பங்களா இல்லையா என்று ஒரு தடவை கேட்டான். இல்லை என்றாள். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றினான், அளவு நாடாவைச் சட்டைப் பைக்குள் போட்டான், ஜன்னல் கட்டையில் முட்டியை வைத்துப் பார்த்தான். பிறகு அப்படியே பலகைத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் வெளியே பார்த்தவன், அவள் பக்கம் திரும்பி, “காக், சினி,” என்று மலாயில் அக்கா என்றழைத்து, தன் பக்கத்துத் தரையைத் தட்டினான்.

புஷ்பலதா சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அந்த ஜன்னலருகே அவள் தரையில் உட்கார்ந்ததே இல்லை. கட்டை நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. கம்பிகளுக்கு அந்தப் பக்கம், திருப்பம் வரைக்கும் தெரு முழுசாகத் தெரிந்தது. வெயிலில் யாரோ ஒரு பெண், கையில் தூக்கோடு, இவர்களைப் பார்த்துத்தான் வருகிறவளைப் போல நடந்து வந்துகொண்டிருந்தாள்.