கம்பளிக்கு எந்தப் பொத்தான்

அவர்கள் குடியிருக்கும் தேயிலைத் தோட்ட லயத்துக் காம்பராவுக்குள் குழாய் கிடையாது. குடிக்கவும் துவைக்கவும் மலையூற்றுப் பீலிக்கரைத் தண்ணீர்தான். அப்படியிருக்க, ஹட்டன் கடையில் புதிதாக வந்திறங்கிய சலவை மெஷின் முன்னால் சண்முகவடிவு கால்மணி நேரமாக நிற்பது அவள் புருஷன் அழகனுக்குச் சரியாகப் படவில்லை. மகளின் காலுக்குச் சப்பாத்து வாங்கத்தான் பொகவந்தலாவையில் பஸ் ஏறினார்கள். குடிக்கக் கஞ்சியில்லை, கொப்பளிக்கப் பன்னீராம்.

சும்மா பார்ப்பவள் பளபளப்பைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவாள். இவள் பொத்தான் பொத்தானாகக் கேட்டாள். பருத்திக்கு எவ்வளவு நேரம், பாதியில் நிறுத்தினால் கதவு திறக்குமா, பிழிகிற வேகத்தை எதில் குறைப்பது. கடைக்காரர் உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்தார். ஆளை மயக்கித் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அழகன் முதலில் அவரைத்தான் சந்தேகப்பட்டான். பிறகு பார்த்தால், வடிவின் உதடுகள் அந்தப் பதில்களை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தன. வாங்குகிறவள் விலையைக் கேட்கமாட்டாளா? அதை அவள் கேட்கவேயில்லை.

போன மாசியில்தான் குவைத்தில் வீட்டுவேலை பார்த்துவிட்டு வந்தாள். இனிப் போகமாட்டேன் என்று சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்திருந்தாள்.

"பழைய மெஷின்ல திருகுற குமிழ்தாங்க அண்ணே. இதுல எல்லாம் அமுக்குறதால்ல இருக்கு. கம்பளிக்கு எதுங்க?"

கடைக்காரர் காட்டினார். "வீட்டுல தண்ணி வசதி இருக்குங்களா?"

அவள் மறுபடியும் கம்பளியைப் பற்றியே கேட்டாள்.

அழகன் அவள் முழங்கையைப் பிடித்துச் சற்றுத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனான். "ஏஜென்சிக்காரன் வந்தானா?"

"புது மெஷின் தெரிஞ்சவங்களத்தான் எடுப்பாங்களாம். திங்கக்கெழம கேப்பாங்க." தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ரெண்டு வருஷந்தாங்க."

"அதுக்கு, கம்பளியவே எதுக்குத் திரும்பத் திரும்பக் கேக்குற?"

"போன தடவ அந்த வீட்டுப் புள்ளயோட கம்பளிச் சட்டய சுடுதண்ணில போட்டுட்டேன். சுருங்கிப்போச்சு. ரெண்டு நாளு சோறு போடல."

நான்கு வருஷம், வாராவாரம், கொமினிகேஷன் கடைத் தொலைபேசியில் 'சாப்ட்டியா' என்று கேட்டிருக்கிறான். சாப்பிட்டேன் என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். அவள்மேல் என்னென்னவோ சந்தேகப்பட்டவனுக்கு அந்தப் பதிலின்மேல் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

வியாபாரம் இல்லை என்று கண்டுகொண்ட கடைக்காரர் அடுத்த ஆளிடம் நகரப் பார்த்தார்.

"கொஞ்சம் நில்லுங்க," என்றான் அழகன். "கம்பளிக்குள்ளத இன்னொருக்கா காட்டுங்க. மெதுவா."

வடிவு மெஷினருகே வந்து விரலை நீட்டினாள். பொத்தானுக்குச் சற்று மேலே அது தொடாமல் நின்றது.