வயதுக் கட்டம்

குளிரூட்டிய கூடத்தில் அறுபது பெண்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு விசைகளைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். வெளியே, தீவின் தலைநகரான பிரிட்ஜ்டவுனின் துறைமுகச் சாலையில் தார் இளகும் வெயில். உள்ளே விரல்கள் விறைத்தன. மெஷின்களுக்கு ஆகாது என்று குளிரைக் குறைக்க மாட்டார்கள்.

அமெரிக்காவிலிருந்து விமானத்தில் பெட்டி பெட்டியாக வாரன்டி அட்டைகள் வரும். இஸ்திரிப் பெட்டியோ மிக்சியோ வாங்கியவர்கள் நிரப்பி அனுப்பியவை. ஒவ்வோர் அட்டையையும் இரண்டு பெண்கள் தனித்தனியாகக் கணினியில் ஏற்ற வேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரை சிவக்கும். பிழை செய்தவள் பெயரில் ஒரு தப்பு ஏறும். மாதத்தில் மூன்று தப்பு சேர்ந்தால் மறுநாள் அந்த நாற்காலியில் வேறொருத்தி.

அண்டீனுக்கு இரண்டு ஆகியிருந்தது. தையல் ஆலையை மூடியபின் பதினோரு மாதம் அலைந்து கிடைத்த வேலை இது. கணவன் எஸ்ரா கரும்பு லாரியிலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து வீட்டில் கிடந்தான்.

"முடி காய வைக்கிற மெஷின் வாங்குனவள, புருஷன் சம்பளம் என்ன, சொந்த வீடா, மூட்டு வலி இருக்கான்னு கேக்குறான் பாரேன்" என்றாள் பக்கத்து நாற்காலி கோரலின். "இதையே என் மாமியார் கேட்டிருந்தா அன்னிக்கே தனிக்குடித்தனம் போயிருப்பேன்."

"பதில் சொல்லலேன்னா ரிப்பேர் பண்ணித் தர மாட்டான்னு பயம், பாவம்."

"அதெல்லாம் இல்லடி. பில் இருந்தாலே போதும். இதெல்லாம் பேரை விக்கிறதுக்கு. கொழந்த வயசு எழுதிக் குடுத்துட்டா, வருசா வருசம் பொம்மைக் கடைக்காரன் லெட்டர் போட்டுக்கிட்டே இருப்பான்."

மேற்பார்வையாளர் மிஸ் கிட்டன்ஸின் செருப்புச் சத்தம் கேட்டதும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அண்டீன் அடுத்த அட்டையை எடுத்தாள். ஒஹாயோவில் ஒரு பெண் டோஸ்டர் வாங்கியிருந்தாள். குழந்தைகளின் வயதைக் கேட்ட இடத்தில் 6, 9 என்று எழுதியிருந்தாள். ஒன்பதின் மேல் மட்டும் குறுக்குக் கோடு. பேனா அழுந்தி அட்டை லேசாகக் கிழிந்திருந்தது. கீழே ஓரத்தில் பொடி எழுத்தில், 'பழக்கத்தில் எழுதிவிட்டேன். டானி மார்ச்சில் இறந்துவிட்டான். தயவுசெய்து அவன் பெயருக்கு எதுவும் அனுப்பாதீர்கள்.'

அண்டீன் அதை இரண்டு முறை படித்தாள். ஓரத்தில் எழுதியிருப்பதை ஏற்றக் கூடாது, கோடு போட்ட எண் படிக்க முடிந்தால் ஏற்ற வேண்டும். பயிற்சியின் முதல் நாளே சொல்லிக் கொடுத்த விதி. அவள் ஆறை மட்டும் தட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

மதியம் மீன் வைத்த ரொட்டியைத் தின்று கைகழுவி வந்து உட்கார்ந்தபோது திரை சிவந்திருந்தது. மிஸ் கிட்டன்ஸ் அட்டையோடு நின்றாள்.

"ஒன்பதை ஏன் விட்டே? கோரலின் போட்டிருக்கா."

"அந்தப் பையன் செத்துட்டான், மிஸ். கீழ எழுதியிருக்கு."

"படிச்சேன்." மிஸ் கிட்டன்ஸ் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் புள்ளைங்க இருக்கு. ஆனா மெஷின்ல அதுக்கு எடம் இல்லையே."

கோரலின் திரும்பினாள். "நான் கீழ பாக்கவே இல்ல, மிஸ். வேணும்னா தப்ப என் பேர்ல போட்டுக்குங்க."

"உனக்கு எத்தன தப்பு இருக்கு?"

"ரெண்டு."

மிஸ் கிட்டன்ஸ் வேண்டாம் என்று தலையசைத்தாள். கோரலின் தன் விசைப்பலகை பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீயே திருத்திடு, அண்டீன். உன் பேர்ல தப்பு எழுத மாட்டேன். அஞ்சு மணிக்குத் தப்பு லிஸ்ட் மேல போயிடும். அதுக்கப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

"அந்தம்மா கெஞ்சிக் கேட்டிருக்காங்க, மிஸ்."

"நம்மகிட்ட கேக்கல. நாம இங்க இருக்கோம்னே அவங்களுக்குத் தெரியாது."

அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். அண்டீன் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். சற்று நேரம் விரலை விசைக்கு மேலேயே வைத்திருந்தாள். பிறகு ஒன்பதைத் தட்டினாள்.

சிவப்பு மறைந்தது. அடுத்த வரியை மெஷின் தானாகவே கூட்டி எழுதியது.

வீட்டில் உள்ள குழந்தைகள்: 2.