திரை இல்லாத அச்சகம்

அவளுக்குச் சுமைதாங்கி என்று பேர் வைத்தது அவளோடு வேலை செய்கிறவர்கள்தான். ஒருத்தர் முகத்தையும் அவள் நேரில் பார்த்ததில்லை. எழுத்தைப் பிரெய்ல் புள்ளிகளாக மாற்றும் மென்பொருள் ஒன்றை எல்லாரும் சேர்ந்து பராமரிக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம். நன்றி சொல்ல வேண்டாம், சொல்லவும் மாட்டார்கள். பகலில் அவளுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் புரோகிராமர் உத்தியோகம். விடிந்ததும் ஒன்றரை மணி நேரம் இந்த வேலை. பதினோரு வருஷமாக ஒரு நாள் தவறவில்லை, அதைச் சொல்லியே ஆகவேண்டும்.

அந்த மென்பொருளை எழுதிய கணினி மொழிக்குப் புது வெர்ஷன் வந்து வருஷக்கணக்காகிவிட்டது. மொழியை உண்டாக்கினவர்களே பழைய வெர்ஷனைக் கைகழுவிவிட்டார்கள். இவள் விட்டால்தானே! "எங்கேயோ ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். அதை நம்பி யாரோ ஒருத்தர் இருப்பாங்க" என்பாள். அதனால் எதை எழுதினாலும் ரெண்டு தடவை. புதுசுக்கு ஒன்று, பழசுக்கு ஒன்று.

"அவனவனுக்கு ஒரு மாமியாருக்கு சமைக்கவே முடியலை, நீ ரெண்டு மாமியாருக்கு சமைக்கிறே" என்பார் வீட்டுக்காரர்.

கடைசியில் அவளுக்கே முதுகு ஒடிந்தது. பழசை நிறுத்திவிடுவது என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டாள். அதற்காகத் திடுதிப்பென்று கழுத்தை அறுக்கவில்லை. பழைய வெர்ஷனில் ஓட்டுகிறவர்களுக்கெல்லாம் திரையில் மஞ்சள் எழுத்தில் ஓர் அறிவிப்பு வரும்படி செய்தாள்: இது நிற்கப்போகிறது, புதுசுக்கு மாறுங்கள், உதவி வேண்டுமானால் கேளுங்கள். ரெண்டு வருஷம் அந்த அறிவிப்பு ஓடியது. ஒரு ஈ காக்காய் வாய் திறக்கவில்லை. சரி, எல்லாரும் மாறிவிட்டார்கள் என்று திங்கட்கிழமை புது ரிலீஸை வெளியிட்டாள். பழசுக்காக எழுதிய நாலாயிரம் வரியும் போயிற்று. அன்றைக்குச் சாப்பிட்ட சாப்பாடு உடம்பில் ஒட்டியது என்று அவளே சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு ஃபோன் வந்தது. மென்பொருளின் விளக்கப் பக்கத்தில் என்றைக்கோ தன் நம்பரைப் போட்டிருந்தாள். அந்த நம்பருக்கு வந்த முதல் ஃபோன் அதுதான்.

"வணக்கம்மா. நான் பிரெய்ல் அச்சகத்திலிருந்து பேசுறேன். ஆபீஸ் ரூம்ல நெட்டுல பார்த்து உங்க நம்பரைக் கொடுத்தாங்க. மெஷின் காலையிலேருந்து ஊமையா நிக்குது. நாளன்னிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை. நாப்பத்தோரு பிள்ளைங்களுக்குக் கேள்வித்தாள் அடிக்கணும். நாளைக்கு மத்தியானம் வண்டி வந்துடும்."

அவள் மடிக்கணினியைத் திறந்து பார்த்தாள். புது ரிலீஸில், பழைய மொழி உள்ள கணினிகள் இதை எடுக்காதீர்கள் என்று ஒரு வரி இருக்கவேண்டும். நாலாயிரம் வரியை வெட்டியவள் அந்த ஒரு வரியை எழுத மறந்திருந்தாள். அச்சகத்துக் கணினி காலையில் எழுந்ததும் சமர்த்தாகப் புதுசை இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சை நிறுத்திவிட்டது. ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனால் நசுங்குகிறவர்கள் யார்?

"தப்பு என்னோடதுதான். ஆனா அக்கா, ரெண்டு வருஷமா அறிவிப்பு வந்துட்டே இருந்துச்சே, நீங்க ஏன் மாறலை?"

"எங்கேம்மா வந்துச்சு?"

"திரையில. மஞ்சள் எழுத்துல."

அந்தப் பக்கம் அடக்க முடியாத சிரிப்பு.

"எங்ககிட்டத் திரையே கிடையாதும்மா! இங்க வேலை செய்யற மூணு பேருக்கும் கண்ணு தெரியாது. கம்ப்யூட்டர் வந்த அன்னிக்கே திரையைக் கழட்டி ஆபீஸ் ரூமுக்குக் கொடுத்துட்டோம். திரையில இருக்கறதை வாசிச்சுக் காட்டற சாஃப்ட்வேர் எல்லாம் அந்தப் பழைய பெட்டி தாங்காது. நான் ஃபைலைப் போடுவேன், பட்டனை அழுத்துவேன், தாள் வரும், விரலால படிச்சுப் பிழை பார்ப்பேன். அவ்வளவுதான்."

சுமைதாங்கி நெற்றியில் பளாரென்று அடித்துக்கொண்டாள். பதினோரு வருஷம் பார்வையில்லாதவர்களுக்காகவே உழைத்தவள், அவர்களுக்குச் சொல்லவேண்டியதை மஞ்சள் கலரில் சொல்லியிருக்கிறாள். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல!

"அக்கா, பத்து நிமிஷம் கொடுங்க. புதுசை வாபஸ் வாங்கிடறேன். பழசு பழையபடி ஓடும். இனிமே அதை நிறுத்தவே மாட்டேன். சத்தியம்."

"ரொம்ப சந்தோஷம்மா. சீக்கிரம் பண்ணுங்க. அடிச்சு முடிச்சாத்தானே நான் பின்னம் குத்த உக்கார முடியும்."

"என்ன குத்தறது?"

"பின்னம்மா. அரை, முக்கால், எட்டில் மூணு. மெஷின் அதையெல்லாம் தப்பா அடிக்கும்ல? அந்த இடத்தைத் தேய்ச்சு அழிச்சுட்டு ஊசியால புள்ளி புள்ளியா நான் குத்திடுவேன். இந்தத் தாள்ல இருபத்தாறு இருக்கு."

இருபத்தாறு, நாற்பத்தோரு காப்பி. ஆயிரத்துக்கு மேலே.

"எத்தனை வருஷமா அக்கா?"

"ஆறு வருஷம். ஒரு பிள்ளைகூட இதுவரைக்கும் பின்னம் தப்புன்னு சொன்னதில்லை" என்றார் அந்த அக்கா. குரலில் அவ்வளவு பெருமை. பட வேண்டிய பெருமைதான். ஆயிரம் பின்னத்தைக் கையால் குத்தி ஒன்றில்கூடப் பிசகாதவரை என்ன சொல்லிப் பாராட்டுவது? கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் பின்னத்தை ஐந்து வருஷம் முன்பே சரிசெய்தாகிவிட்டது. பழைய மொழியில் அதை மட்டும் எழுத வழியில்லாததால் புதுசுக்கு மாறினவர்களுக்கு மட்டும் கிடைத்தது. சுமைதாங்கி அதையும் மறைக்காமல் அப்படியே சொன்னாள்.

"அப்போ புதுசையே போடுங்க" என்றார் அக்கா.

"பரீட்சைக்கு முன்னாடி மொழியையே மாத்தறது விஷப்பரீட்சை அக்கா. திரையும் இல்லை. பாதியில நின்னா பழசும் போயிடும்."

"திரை எதுக்கு? எனக்கு டைப் அடிக்கத் தெரியும். இங்கிலீஷ் பிரெய்லும் தெரியும். கம்ப்யூட்டர் சொல்ற பதிலை அந்த மெஷினுக்கே அனுப்பச் சொல்லுங்க, வெறும் இங்கிலீஷ் எழுத்துக்கு உங்க சாஃப்ட்வேர் வேண்டாம், மெஷினே அடிச்சுடும். புள்ளியா வரட்டும், நான் படிச்சுச் சொல்றேன்."

இந்த யோசனை பதினோரு வருஷத்தில் ஒரு புரோகிராமருக்கும் தோன்றவில்லை. சுமைதாங்கி அன்றைக்கு ஆபீசுக்கு லீவு சொன்னாள். ஒவ்வொரு கட்டளையையும் எழுத்தெழுத்தாக அவள் சொல்ல, அக்கா அடித்தார். ஃபோனில் டகடகவென்று சத்தம் வரும். தாள் கிழியும். அக்கா விரலை ஓட்டிப் படிப்பார். பத்தரை மணிக்கு இடம் போதவில்லை என்று கணினி மக்கர் பண்ணியது.

"உள்ளே என்னக்கா இருக்கு?"

"ஆறு வருஷத்துக் கேள்வித்தாள். அழிச்சுடலாம். எல்லாம் தாளா அலமாரியில இருக்கு."

"யோசிச்சுச் சொல்லுங்க, அழிச்சா வராது."

"எழுதி முடிச்ச பரீட்சையை வெச்சுப் பூஜையா பண்ணப்போறேன்? அழிக்கறதுக்கு என்ன அடிக்கணும், சொல்லுங்கம்மா!"

வீட்டுக்காரர் டம்ளரில் காப்பி கொண்டுவந்து வைத்தார். அது ஆறிப்போயிற்று. பதினொன்றே முக்காலுக்குப் புது மொழி ஏறியது, அதன்மேல் புது மென்பொருள் ஏறியது. அக்கா கணக்குத் தாளைப் போட்டுப் பட்டனை அழுத்தினார். மெஷின் சடசடவென்று அடித்து ஓய்ந்தது. அப்புறம் தாள்மேல் விரல் தேயும் சத்தம் மட்டும் கேட்டது.

"எட்டில் மூணு" என்றார் அக்கா. "சரியா இருக்கு. அஞ்சில் ரெண்டு. ஏழில் நாலு. சரி." இருபத்தாறையும் ஒன்று விடாமல் படித்தார். அவசரப்படவே இல்லை. "எல்லாம் சரியா இருக்கும்மா."

"ஊசியை எடுக்க வேண்டாம் அக்கா."

அக்கா ஊசியை டப்பாவில் போட்டு மூடினார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இவ்வளவு நல்லது கையில இருக்கும்போது அந்தப் பழசை எதுக்கும்மா இத்தனை வருஷம் கட்டிக்கிட்டு அழுதீங்க?"

சுமைதாங்கிக்குக் கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

"உங்களுக்காகத்தான் அக்கா" என்றாள்.