எதிர்காற்றுப் பக்கம்

மோகனூருக்கும் வளையப்பட்டிக்கும் நடுவே, சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் பூபதியின் வீட்டில் மட்டும் ஐந்து வருடம் கடற்காற்று அடித்தது. கார்த்திகையில் தொடங்கும், மாசிக் கடைசியில் ஓயும். பக்கத்துத் தோட்டத்துத் தென்னையில் ஓர் ஓலை அசையாது. இந்த வீட்டுக் கொடியில் காயும் சேலை மட்டும் பிய்த்துக்கொண்டு பறக்கும். கடலைக் கண்ணால் பார்க்காதவர்கள்கூட உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்றார்கள். இது காவிரிக் காற்றுதான் என்று முதல் வருடம் சிலர் வாதாடிப் பார்த்தார்கள். காவிரிக் காற்றுக்கு ஆறு பந்து எண்ணத் தெரியாது என்பதால் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

ஆறு பந்துக் கணக்கைக் கண்டுபிடித்தவள் பூபதியின் மனைவி நர்மதா. பூபதி மேல்படிப்புக்கு ஆஸ்திரேலியாவிலுள்ள பெர்த்துக்குப் போனவன். சனி ஞாயிறுகளில் ஒரு கிரிக்கெட் கிளப்புக்குப் பந்து வீசி, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கி, மாநில அணியில் இடம் பிடித்த பிறகுதான் ஊருக்கு வந்து தாலி கட்டினான். நர்மதாவின் விசாவுக்கு எழுதிப்போட்ட மூன்றாம் மாதம் அவன் அம்மா ராமாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து, வலப்பக்கமும் பேச்சும் போயின. அம்மாவை யார் பார்ப்பது என்று போனில் அவன் கேட்டான். நான் இருக்கிறேன் என்று இவள் சொன்னாள். அரை நிமிடப் பேச்சு அது. வாழ்க்கை அதிலேயே முடிவாகிவிட்டது. பூபதி நல்லவன்தான். நல்லவர்களுக்கும் தூரம் பழகிவிடுகிறது.

அவன் மிதவேகப் பந்துவீச்சாளன். மிரட்டும் வேகம் கிடையாது, ஏமாற்றும் சுழலும் கிடையாது. சொன்ன இடத்தில் பந்தைக் குத்துவான், நாள் முழுக்கக் குத்துவான். பெர்த்தில் மத்தியானமானால் கடலிலிருந்து காற்று கிளம்பும். அசுர வேகக்காரன் அதை முதுகில் வாங்கிக்கொண்டு ஓடி வருவான். மறுமுனையிலிருந்து அதே காற்றை நெஞ்சில் வாங்கிக்கொண்டு ஓடி வரவும் ஓர் ஆள் வேண்டுமல்லவா, அந்த ஆள் பூபதி. பேர் அவனுக்கு, தோள்வலி இவனுக்கு. கல்யாணமான வருடம் மார்கழியில் ஒருநாள் காலை பதினோரு மணிக்கு, அங்கே மணி ஒன்றரை, நர்மதா மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்தாள். பூபதி பந்தைக் கையில் வாங்கியதாகப் போன் சொன்னது. கதவு படாரென்று அறைந்தது, காலண்டர் பறந்துபோய் அடுப்படியில் விழுந்தது. ஆறு பந்து முடிந்து மறுமுனைக்காரன் வந்ததும் காற்று நின்றது. பூபதி திரும்ப வந்ததும் அடித்தது. நாலு ஓவர் எண்ணிப் பார்த்துவிட்டு நர்மதா வெளியே போய் அந்தக் காற்றில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் அன்றைக்குத்தான் தன்னைத் தொட்டான் என்று அவளுக்குத் தோன்றியது.

ஊர் சும்மா விடுமா? தை மாதத்தில் அடித்துப்போட்ட கொள்ளும் சோளமும் துவரையும் காற்றில்லாமல் களங்களில் கிடக்கும். ஆடி வரை யார் காத்திருப்பது? டேபிள் பேன் வைத்தால் கரண்ட் போய்விடும். பூபதிக்கு ஒன்றுவிட்ட சித்தப்பாவான கந்தவேல்தான் முதலில் கொள்ளு மூட்டைகளைக் கொண்டுவந்து பூபதி வீட்டுக் களத்தில் இறக்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். டீக்கடையில் முட்டை விலையை விசாரித்த கையோடு பெர்த்தில் ஆட்டம் உண்டா என்றும் விசாரிக்கலானார்கள்.

“அம்மிணி, நாளைக்குப் பூபதிக்கு ஆட்டமிருக்குதா? ரண்டு மூட்டை தொவரை கெடக்குது” என்று கந்தவேல் போனில் கேட்பார்.

“இருக்குதுங்க மாமா. பதினோரு மணிக்கு மேல வாங்க. காலைல காத்து வராதுங்க.”

ஓர் ஓவருக்கு முறத்தை உயர்த்தித் தூற்றுவார்கள். அடுத்த ஓவருக்கு உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். அவன் நோபால் போட்டால் அரை முறம் கூடுதலாகத் தேறும். விக்கெட் எடுத்தால் அங்கே கைதட்டல், இங்கே முனகல், ஏனென்றால் அடுத்த ஆள் மட்டையோடு வந்துசேரும்வரை காற்று நின்றுவிடும். ஊரார் வருவதில் நர்மதாவுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் தன் புருஷனின் காற்று பத்துக் குடும்பத்துப் பதரைச் சுமந்துகொண்டுதான் தன்மேல் படுகிறது என்பதில் அவளுக்குச் சின்னதாக ஒரு பொறாமை இருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு நாள் பூபதி நேரில் வருவான். அந்தப் பன்னிரண்டு நாளும் வீட்டில் ஒரே புழுக்கம். தோளில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படுத்திருப்பான்; இவள் பேச வாயெடுப்பதற்குள் தூங்கிப்போயிருப்பான். காற்றிடம் உள்ள நெருக்கம் ஆளிடம் இல்லையே என்று அவளுக்கு அழுகை வரும்.

ஐந்தாம் வருடம் தை மாதம், அணியின் அசுர வேகக்காரனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அன்று மத்தியானம் பூபதி போன் செய்தான்.

“நர்மதா, நாளைக்குக் காத்து முதுகுக்கு அடிக்கிற பக்கமிருந்து என்னையப் போடச் சொல்றாங்க. தேர்வுக்குழு ஆளுங்களும் வாராங்க. ஆனா அப்படிப் போட்டா, நீ சொல்லுவியே, அந்தக் காத்து நம்ம ஊட்டுக்கு...” என்று இழுத்தான்.

களத்தில் கந்தவேலின் பதினோரு மூட்டைக் கொள்ளு மறுநாளைக்காக அம்பாரமாகக் குவிந்து கிடந்தது. நர்மதா அதைப் பார்த்தாள். அதைவிட, நாளைய பதினோரு மணியை நினைத்தாள். அதற்குப் பிறகு வரப்போகும் அத்தனை பதினோரு மணிகளையும் நினைத்தாள்.

“நீங்க பெரிய ஆளா வரோணும்னுதானுங்க நானும் இங்கயே கெடக்கறேன். போடுங்க” என்றாள்.

போனை வைத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் விடப் போனாள். தொட்டி நிரம்பி வழிந்து கால் நனைந்த பிறகும் குழாயை மூடாமல் நின்றாள்.

மறுநாள் காற்று வரவில்லை. பூபதி ஏழு விக்கெட் எடுத்தான். அடுத்த மாதமே ஆஸ்திரேலிய அணியில் சேர்த்துக்கொண்டார்கள். நாலு டெஸ்ட் ஆடிப் பதினோரு விக்கெட் எடுத்தான். டிவிக்காரர்கள் வந்து வீட்டையும் மாட்டையும் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் காலமல்லாத காலத்தில் இரண்டு நாள் மழை பிடித்து, களத்தில் கிடந்த கந்தவேலின் கொள்ளு மொத்தமும் முளைவிட்டுப் போயிற்று. ஐந்து வருடம் அந்தக் களத்தில் தானியத்தைத் தூற்றியவர்கள் இப்போது நர்மதாவைத் தூற்றினார்கள். புருஷனுக்குப் பேர் வாங்கித் தர ஊர்க் காற்றை நிறுத்திவிட்டாளாம். ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லையே என்று கந்தவேல் பேச்சையே விட்டுவிட்டார். இடுப்பு பிடித்த வேகக்காரன் குணமாகவில்லை, பூபதிக்கு அந்தப் பக்கமே நிலைத்துவிட்டது. மூன்று வருடம் அந்த வீட்டில் விளக்குச் சுடர்கூட ஆடவில்லை. காற்று அடித்த காலத்தில் தான் தனியாக இருக்கவில்லை, காத்திருந்தோம் என்பது நர்மதாவுக்கு அப்போதுதான் புரிந்தது. பேச்சில்லாத ராமாத்தாள் காலை பதினோரு மணியானால் இடக்கையை நீட்டி வாசல் கதவைக் காட்டுவாள். “வராதுங்க அத்தை” என்று சொல்லி நர்மதா அந்தக் கையை எடுத்துப் போர்வைக்குள் வைப்பாள்.

முப்பத்தைந்து வயதில் பூபதியின் வேகம் தளர்ந்தது. ஆஸ்திரேலிய அணியில் எப்போதோ கழற்றிவிட்டிருந்தார்கள். மாநில அணிக்கான கடைசி ஆட்டம் பெர்த்தில், பங்குனியில் வந்தது. அது முடிந்ததும் அங்கேயே பயிற்சியாளர் வேலை, ஒப்பந்தமும் போட்டாகிவிட்டது. நர்மதா ஸ்கோர் பார்க்கவே இல்லை. பார்த்து என்ன ஆகப்போகிறது என்று ராமாத்தாளுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. கதவு படாரென்று அறைந்தது.

சீப்பைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். ஆட்டம் டிராவுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, எதிர்காற்றுப் பக்கத்தைப் பூபதியே கேட்டு வாங்கிக்கொண்டார், கேப்டனுக்கே காரணம் விளங்கவில்லை என்று அதில் போட்டிருந்தது. ஓவர் மாற்றி ஓவர் வீசிக்கொண்டே இருந்தான், ஒரு விக்கெட்டும் விழவில்லை. நர்மதா ராமாத்தாளின் கட்டிலை வெளியே இழுத்துப் போட்டு, பக்கத்தில் தானும் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டாள். பங்குனியில் எந்தக் களத்திலும் தானியம் கிடையாது. காற்றில் ஒரு தூசு, ஒரு பதர் இல்லை. வெறும் உப்பும் ஈரமும் வந்து கன்னத்தில் ஒட்டின.

சாலைக்குப் போய்க்கொண்டிருந்த கந்தவேல் அவள் முடி பறப்பதைப் பார்த்து வேலிக்கு வெளியே நின்றார். மூன்று வருடத்தில் முதன்முறையாக வாய் திறந்தார்.

“என்ன அம்மிணி, காத்து வந்திருச்சாட்ட இருக்குது? தூத்தறதுக்குத்தான் ஊருல ஒண்ணுமில்லையே.”

“இருக்கட்டுங்க மாமா. இன்னைக்கு இது எனக்குங்க.”

கந்தவேல் திறந்து கிடந்த வேலிப்படலை வெளியிலிருந்தே இழுத்துச் சாத்திவிட்டுப் போனார். மூன்றரை மணி வரை காற்று அடித்தது.